நடிகையின் சாரதியும் கல்யாணத் தோழனும்

அந்த நாவலில் எனக்குப் பிடிக்காத ஆள் ஒரே ஒருவன்தான். சாரதி.

பல்கலைக்கழகத்தில் நான் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். துறைக்கு வெளியே ஏதாவது ஒரு பாடம் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். நேரம் பொருந்தியதால் ஆங்கில நாவல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். நாவல் என்பது மற்றவர்களின் வீட்டு அலுமாரியில் இருக்கும் சாமான் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். வகுப்பில் கொடுத்த புத்தகம் பழைய ஹொலிவூட்டைப் பற்றியது. தூசி பறக்கும் பண்ணை ஒன்றிலிருந்து வந்த பெண்ணை ஸ்டூடியோக்காரர்கள் எடுத்து, பெயரை மாற்றி, பல்லைச் சீராக்கி, நடையைப் பழக்கி நட்சத்திரம் ஆக்குகிறார்கள். அவளுக்கு ஊரிலிருந்தே ஒரு காதலன். அவனை விட அவளுக்கு மனமில்லை. வெளியே காட்டவும் வழியில்லை. ரசிகர்களுக்கு அவள் எவருக்கும் சொந்தமில்லாதவளாக இருக்கவேண்டும். ஆகவே அவனுக்கு ஒரு தொப்பியும் சீருடையும் கொடுத்துச் சாரதி ஆக்கிவிடுகிறார்கள். புதுப்படம் வெளியாகும்போதெல்லாம் அவன் கார்க் கதவைத் திறந்துவிடுவான். அவள் இன்னொரு நடிகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் போவாள்.

"இந்த மனிதனை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று பேராசிரியை கேட்டபோது நான் கையை உயர்த்தினேன். மனத்துக்குள் வசனத்தை முழுதாகக் கட்டிய பிறகுதான் ஆங்கிலத்தில் வாய் திறப்பேன். "அவனுக்கு வெட்கம் இல்லை. அதுதான் அவனுடைய பிரச்சினை" என்றேன்.

மேசைக்குக் கீழே என் காலில் ஓர் உதை விழுந்தது.

உதைத்தவள் பக்கத்தில் இருந்தாள். வகுப்புக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வருவோம். ஆனால் மெட்ரோவில் இறங்கும்போது அவள் முதல் கதவால் இறங்குவாள், நான் கடைசிக் கதவால். மேலே ஏறியதும் கோப்பிக் கடை வாசலில் தற்செயலாகச் சந்தித்தது போல் சந்தித்துக்கொள்வோம்.

"வெட்கமில்லாதவன் எண்டு கெட்டித்தனமாச் சொல்லிப்போட்டீங்கள். அவனுக்கு வேற வழி இருந்ததோ?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"கார் திறப்பை அவளின்ரை கையிலை குடுத்திட்டுப் போயிருக்கலாம்."

"போனா நாவல் ஐம்பதாம் பக்கத்திலை முடிஞ்சிருக்கும். நாங்களும் பாஸ் பண்ணியிருக்கேலாது."

அவள் பேச்சு அப்படித்தான். அந்தப் பேச்சால்தான் மொன்றியலில் இருந்த தமிழர் பாதிப்பேருக்கு அவளைத் தெரிந்திருந்தது. கலைவிழா, வாணிவிழா, ஒன்றுகூடல், எதுவானாலும் மேடையில் அறிவிப்பாளர் அவள்தான். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் தடங்கல் இல்லாமல் கதைப்பாள். தமிழ்க் கடைகளில் இலவசமாக அடுக்கியிருக்கும் பத்திரிகைகளில் பிடவை நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவில் அவளுடைய படம் வரும். ரொறன்ரோவில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சிக்காரர்கள் அவளை வரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அதுதான் அவளுடைய கனவு. மேடையில் நிற்கும் பிள்ளையைப் பற்றி ஒரு கதை எழும்பினால் அடுத்த விழாவுக்கு வேறு பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் நான் கத்தோலிக்கன். மன்னார். அப்பா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். டொலார்ட் புறநகரில் சொந்த வீடு, கோயிலுக்கு நடந்தே போகும் தூரம்.

அண்ணா நாடகம் அந்தச் சந்தையில்தான் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை நான் அப்பாவைக் கூட்டிவரப் போயிருந்தேன். கத்தரிக்காய்க் குவியலுக்கு மறுபுறத்தில் அவளும் அவளுடைய தாயும் நின்றார்கள். நான் விலகிப் போயிருக்கலாம். ஆனால் அவளைக் கண்டதும் என் முகம் என்னைக் கேளாமல் சிரித்துவிட்டது. தாய் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆர் பிள்ளை உவர்?"

"என்ரை வகுப்பிலை படிக்கிற அண்ணா, அம்மா."

ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னாள். மேடையில் ஒலிவாங்கி பழுதானால் சமாளிக்கிற அதே வேகம்.

"அப்பிடியோ? தம்பி எவடம்? அப்பா ஆக்கள் ஊரிலை எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நான் மன்னாரில் எங்கள் மாதா கோயில் பங்கின் பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எவ்வளவு விளங்கிக்கொண்டார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அப்பா கையைச் சாரத்தில் துடைப்பது போல் காற்சட்டையில் துடைத்துவிட்டு வந்து, "வாங்கோ அம்மா, நல்ல பிஞ்சாப் பாத்து எடுத்துத் தாறன்" என்றார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது. அப்பாவால் அல்ல. அப்பாவை நான் யாருக்கும் அறிமுகம் செய்யாமல் நின்றதால்.

அதற்குப் பிறகு அண்ணா என்ற அந்தச் சொல் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. தாய்க்கு நான் வீட்டுத் தம்பி ஆகிவிட்டேன். கணினி வேலை செய்யவில்லை என்றால் தம்பியைக் கூப்பிடு. கோயிலில் தேர்த் திருவிழா, வாகனம் நிறுத்த ஆள் வேண்டும், தம்பியைக் கூப்பிடு. பஸ் இரண்டு மாறி டொலார்ட்டுக்குப் போவேன். அவர்கள் மேசையில் என்னை இருத்திப் புட்டும் மாம்பழமும் வைப்பார்கள். அவள் எதிரே இருந்து, "அண்ணாவுக்கு இன்னும் கொஞ்சம் போடுங்கோ அம்மா" என்பாள். கண்ணில் மட்டும் சிரிப்பு இருக்கும். வீடு திரும்பும்போது பஸ்ஸில் நாவலைத் திறப்பேன். சாரதி நடிகையின் வீட்டுக்குச் சமையலறை வாசலால் போய்க்கொண்டிருப்பான். நான் முன்வாசலால் போகிறவன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது.

அந்த வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள்.

எங்கள் நாட்டுச் சைவக் கல்யாணங்களில் தோழன் என்று ஒருவன் வேண்டும். பெண்ணின் சகோதரன்தான் தோழன். மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் அவருடைய காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். சகோதரன் இல்லாத வீட்டில் சித்தப்பா, சித்தி வழியில் தம்பி முறையான ஒருவன் நிற்பான். இந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. ஊரிலிருந்து வரவிருந்த சித்தியின் மகனுக்கு விசா மறுத்துவிட்டார்கள்.

பலகாரம் சுட்ட நாள் நான் அங்கே நின்றேன். சமையலறை நிறையப் பெண்கள். கராஜில் காஸ் அடுப்பை வைத்து ஒருத்தர் சீனி அரியதரம் சுட்டுக்கொண்டிருந்தார். நான் எண்ணெய்த் தாச்சியைத் தூக்கி வைப்பதும் இறக்குவதுமாக இருந்தேன். அவள் நிலத்தில் இருந்து பயற்றம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒருவர் சொன்னார்: "தோழன் இல்லாமல் மாப்பிள்ளை வாசலிலையே நிக்கப் போறார். காலைக் கழுவ ஆள் இல்லையெண்டா அவரே பாத்ரூமிலை கழுவிப்போட்டு வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். தாய் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏன், தம்பி நிக்கிறார்தானே. தம்பி, நீர்தான் தோழனா நிக்கவேணும்."

"உவர் வேதக்காரப் பெடியன் எல்லே?" என்று நான் கிறிஸ்தவன் என்பதை நினைவூட்டினார் பெரியம்மா.

"இருக்கட்டுமன் அக்கா. இவள் பிள்ளை நித்தம் அண்ணா, அண்ணா எண்டுதானே கூப்பிடுறாள். பேந்தென்ன?"

தாச்சிக்குள் எண்ணெய் இரைந்தது. நான் அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டாம் என்று, அவருக்குக் கஷ்டம் என்று, அல்லது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும் போதும். தோழனாக நின்றால் நான் அந்த வீட்டுக்கு மகன். முந்நூறு பேருக்கு முன்னால் மகன். பிறகு ஒருநாளும் மருமகனாகக் கேட்டுப் போகமுடியாது. கேட்டால் வாயில் அடிப்பார்கள். அது அந்தக் கராஜில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம்.

அவள் உள்ளங்கையில் இருந்த உருண்டையை இன்னொரு முறை உருட்டினாள்.

"அண்ணா செய்வார் அம்மா" என்றாள்.

மறுநாள் மெட்ரோ மேடையில் நாங்கள் சண்டை பிடித்தோம். சண்டை என்றாலும் ஆளை ஆள் பார்க்காமல், ரயிலுக்குக் காத்திருக்கும் இரண்டு அந்நியர்கள் மாதிரி.

"சும்மா ஒரு சடங்கு. உங்களுக்கு அது கணக்கிலையே வராது. நீங்கள் வேதம்."

"உம்மடை அம்மாவுக்குக் கணக்கிலை வரும்."

"பேந்து நான் அம்மாவோடை கதைக்கிறன். இப்ப கல்யாணம் முடியட்டும். ரொறன்ரோவிலை இருந்து வைகாசியிலை கூப்பிடப் போகினம். இந்த நேரத்திலை ஒரு கதை எழும்பினா எனக்கு எல்லாம் போச்சு. ஒரு நாளுக்கு நடியுங்கோவன். எனக்காக."

"நடிக்கிறது நீர். நான் காலைக் கழுவப் போறன்."

"அச்சா, வசனம் நல்லாயிருக்கு" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே நான் ஓம் என்றும் சொல்லிவிட்டேன்.

கல்யாண மண்டபத்தில் அவளுடைய மாமா ஒருவர் எனக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டார். வீடியோக்காரர் இரண்டு பெரிய விளக்குகளைக் கொண்டுவந்திருந்தார். கார்த்திகைக் குளிரிலும் அந்த வெளிச்சத்தில் எனக்கு வியர்த்தது. அக்காவோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்குச் சடங்குகளை விளக்குவதற்கு ஒலிவாங்கியோடு அவள் நின்றாள். அவளுக்கு இதற்கென்று ஒரு மேடைக் குரல் உண்டு. எங்களுக்குள் கதைக்கும்போது அந்தக் குரல் வராது.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். நான் குந்தி இருந்தேன். "இப்போது மணமகளின் சகோதரர் மணமகனின் பாதங்களைக் கழுவி வரவேற்கின்றார்" என்று அவள் சொன்னாள். பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில். வெள்ளைக்காரர்கள் அழகாக இருக்கிறது என்பது போல் ஒரு சத்தம் எழுப்பினார்கள்.

"தம்பி, கொஞ்சம் பொறும்" என்றார் வீடியோக்காரர். "தலை மறைச்சுப்போட்டுது. வடிவா விழேல்லை. இன்னொருக்காக் கழுவும்."

இன்னொரு முறை கழுவினேன்.

"முகத்தை இஞ்சாலை திருப்பும். சந்தோசமா. அக்காவின்ரை கல்யாணம் எல்லே?"

மூன்றாவது முறையும் செம்பைச் சரித்தபோது மாப்பிள்ளை குனிந்து, "மச்சான், காணும். இனிக் கழுவினா கால் தேய்ஞ்சிடும்" என்றார். நல்ல மனிதர். என்னை மச்சான் என்று கூப்பிட்ட முதல் ஆள் அந்த வீட்டில் அவர்தான். மச்சான் என்றால் பெண்ணின் சகோதரன், இனி எல்லோருக்கும் நான் அதுதான் என்பது அந்த ஈரத் துணியைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மோதிரம் விரலில் பாதிவரைதான் போயிற்று. தாய் கண்ணைத் துடைத்தார். அவள் துடைக்கவில்லை. அடுத்த அறிவிப்பு எழுதிய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் அம்மா மோதிரத்தைக் கண்டார். அம்மா ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். எந்தப் பிள்ளை எதை வாய்க்குள் ஒளித்து வைத்திருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்வார். என்னால் மறைக்க முடியவில்லை. காலைக் கழுவியதைச் சொன்னேன்.

"அதுக்கேன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறாய்? பெரிய வியாழனிலை யேசுசாமியே சீடரின்ரை காலைக் கழுவினவர்தானே. குனியிறது நல்லம்."

அம்மா என்னைத் தேற்றத்தான் சொன்னார். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. யாருக்கும் சொல்லாத முழுக் கதையையும் சொன்னேன். அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். சந்தையில் அவர் கத்தரிக்காய் பார்த்து எடுத்துக் கொடுத்த அம்மாதான் அவளுடைய தாய் என்றபோது மட்டும் கண்ணைத் திறந்தார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "வாயாலை பேர் எடுக்கிற பிள்ளை. அவளுக்கு அந்த ஒரு வசனம் வரேல்லையோ?"

பிறகு, "சரி, கூட்டிக்கொண்டு வா. எங்கட வீட்டிலை வந்து ஒரு நேரம் சாப்பிடட்டும். பகலிலை. நாலு பேர் பாக்க" என்றார்.

நாவலை அந்தக் கிழமை முடித்தேன். நடிகை கிழவியாகி இறந்துபோகிறாள். பத்திரிகைகள் எழுதும் பக்கக் கணக்கான அஞ்சலியில் சாரதிக்கு ஒரு வரி. விசுவாசமான ஊழியர். கட்டுரையில் அவனைப் பற்றி எழுதுவதாகப் பேராசிரியையிடம் சொல்லியிருந்தேன். வெட்கமில்லாதவன் என்ற முதல் வரியை அழித்தேன். வேறு வரி வரவில்லை. அவனுக்கு வெட்கம் இருந்திருக்கும். ஒவ்வொரு முறை தொப்பியைப் போடும்போதும் இருந்திருக்கும். அது போதாது என்பதுதான் விஷயம். வெட்கப்பட்டுக்கொண்டே ஒருவன் ஆயுள் முழுதும் கார் ஓட்டலாம்.

அவளிடம் கேட்டேன். வீட்டுக்கு வா, அம்மா சமைக்கிறார் என்று.

"ஆரெண்டு சொல்லி வாறது?"

"அதை நீர்தான் சொல்லவேணும்."

புத்தகப் பையை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டு, வாறன் என்றாள்.

வந்தாள். அம்மா விடியவே எழும்பி நண்டுக் கறி வைத்திருந்தார். அப்பா புதுச் சேட்டுப் போட்டிருந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மாடிப்படி செங்குத்தானது. ஏறிவரும் காலடிச் சத்தம் ஒருவருடையதாக இல்லை. கதவைத் திறந்தபோது முன்னால் தாய் நின்றார், கையில் கல்யாணப் பலகாரப் பெட்டியோடு. பின்னால் அவள்.

"மகன்ரை வீட்டை நான் இன்னும் பாக்கேல்லையே எண்டு கேட்டன். பிள்ளை கூட்டிக்கொண்டு வந்திட்டாள்" என்றார் தாய்.

அவளுக்குக் கிடைத்த வழி அது. என் வீட்டுக்குப் பகலில், நாலு பேர் பார்க்க, அண்ணாவின் வீட்டுக்கு வருகிறவளாக வந்துவிட்டாள். என் அம்மா வாங்கோ என்று சொல்லி இருத்தினார். தேநீர் கொடுத்தார். குளிரைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் கதைத்தார்கள்.

"உங்கட பிள்ளை எனக்கும் பிள்ளைதான்" என்றார் தாய்.

அம்மா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். "எனக்கு ஒரு பிள்ளைதான் அம்மா. பங்குபோட ஏலாது" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். "பிள்ளை என்ன சொல்லுது?"

அவள் சொல்வாள் என்று நான் நம்பினேன். உண்மையிலேயே நம்பினேன். அவள் தன் தேநீரைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அவர் பார்வையைத் தாங்க முடியாமல்தான் வாயைத் திறந்தேன்.

"அன்ரி, நான் இவவுக்கு அண்ணா இல்லை."

குரல் கீச்சென்று வந்தது. ஆங்கிலத்தில் வசனம் கட்டுவது போல் இதற்கு நான் எதையும் கட்டி வைத்திருக்கவில்லை.

தாய் கோபப்படவில்லை. கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார்.

"தெரியும் தம்பி" என்றார். "சந்தையிலையே தெரியும். தெரிஞ்சுதான் தோழனாக் கேட்டனான். உம்மை அவமானப்படுத்த இல்லை. ஒருத்தரும் ஒருத்தரையும் ஏசாமல், நல்ல விதமா முடியட்டும் எண்டு."

அவள் தலையை உயர்த்தித் தாயைப் பார்த்தாள். என்னை அல்ல. இவ்வளவு நாளும் யாருக்கு முன்னால் நடித்தோமோ அந்த ஒருத்தருக்கே எல்லாம் தெரிந்திருந்தது. அவள் முகம் முதல் தடவையாக வெறுமனே இருந்தது. மேடை முகம் இல்லை, எனக்கென்று வைத்திருந்த முகமும் இல்லை. இப்போது மறைக்க ஒன்றும் இல்லை, இனிச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். உதடு பிரிந்தது.

"எழும்பு பிள்ளை, போவம்" என்றார் தாய்.

அவள் எழும்பினாள்.

யாரும் யாரையும் ஏசவில்லை. தாய் கேட்டுக்கொண்டது போலவே நல்ல விதமாகத்தான் முடிந்தது. அம்மா மட்டும், "சமைச்சதைத் திண்டு பாக்காமல் போகப்படாது" என்று சமையலறைக்குப் போய், ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் நண்டுக் கறியைப் போட்டு, சிந்தாமல் பையால் சுற்றிக் கொண்டுவந்தார். தாய் வேண்டாம் என்று கையை அசைத்தார். அவள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.